மனையும் மாலையும்: வீடு திரும்பும் வேட்கையை நிறுவல் கலையாக்குதலில் முல்லைத்திணை தரும் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பொழுது சாயும் வேளையில் எழும் வீடு திரும்பும் வேட்கை, சங்க அகப்பாடல்களில் பெரிதும் முல்லைத்திணையின்பாற்பட்டது. இக்கால நிறுவல் கலையும் இவ்வேட்கையைக் கையாண்டு வருகிறது. கொரியக் கலைஞர் டோ ஹோ சூ, அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல், யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன் ஆகியோரின் தெரிந்தெடுத்த படைப்புகளை முல்லையின் பொழுதமைப்போடு வைத்து நோக்கும் இக்கட்டுரை, மாலை என்பது ஒளியின் மாற்றம் மட்டுமன்று. பிறர் மீள்வதைக் கேட்டிருக்கும் நிலை என்னும் கருத்தை முன்வைக்கிறது. மீளுதற்கு மனை இல்லாதவிடத்து இருத்தல் என்னும் உரிப்பொருள் என்னாகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முல்லை, மாலை, முதற்பொருள், திணைமயக்கம், நிறுவல் கலை, முல்லைப்பாட்டு, இருத்தல், இரங்கல்

நிறுவல் கலையும் முதற்பொருளும்

சுவரில் தொங்கும் ஓவியத்தின் முன் பார்வையாளர் நிற்கிறார். நிறுவல் கலையில் அவர் படைப்பினுள் நுழைகிறார். இன்ஸ்டலேஷன் எனப்படும் இக்கலைவகை தமிழில் நிறுவல் கலை எனவும் நிர்மாணக் கலை எனவும் வழங்கப்பெறுகிறது. ஓர் இடம், அதில் வைக்கப்பெற்ற பொருள்கள், அங்குள்ள ஒளியும் ஒலியும், அவற்றினூடே நடந்து செல்லும் மனிதர் ஆகிய யாவும் சேர்ந்ததே படைப்பு. உணர்ச்சி எதுவென்று எழுதி ஒட்டப்படுவதில்லை. இடத்தையும் பொருளையும் அமைத்துவிட்டால் உணர்ச்சி நுழைந்தவரிடத்தில் தோன்றும் என்பதே இக்கலையின் நம்பிக்கை.

அகப்பாடலின் நம்பிக்கையும் இதுவே. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவற்றில் வாழ்வனவும் வழங்குவனவும் கருப்பொருள். இவற்றினூடே புலப்படுவது உரிப்பொருள். மூன்றும் முறையே ஒன்றினும் ஒன்று சிறந்தது என்றும் கூறினார். அதாவது, சிறப்பில் இறுதியாக நிற்கும் உரிப்பொருள், அமைப்பில் முதலும் கருவும் இட்ட அடித்தளத்தின்மேல்தான் எழ இயலும். இவ்வகையில் அகத்திணையியலை ஓர் ஆக்கமுறை நூலாகவும் பயில இடமுண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்காலக் கலைப்படைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, விளக்கு முல்லைக் கருப்பொருள், பறவை முல்லைப்புள் எனப் பட்டியலிட்டுப் பொருத்திக் காட்டும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. அத்தகைய பொருத்தம் திணைக்கோட்பாட்டுக்கும் பயன் தருவதில்லை, கலைக்கும் தருவதில்லை. எந்த ஊரில் வைக்கப்பட்ட விளக்கும் விளக்கே. முல்லையில் மாலை என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்து, அவ்வேலையை நிறுவல் கலை எவ்வாறு செய்கிறது அல்லது செய்யத் தவறுகிறது என வினவுவதே பயனுள்ள ஒப்பீடாகும்.

முல்லை மாலையின் தொழில்

முல்லைக்குக் கார்காலம் பெரும்பொழுது, மாலை சிறுபொழுது. இருத்தல் உரிப்பொருள். வினைமேற் சென்ற தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். இச்செய்தியை மட்டும் கொண்டு நோக்கினால் மாலை ஒரு பின்னணிக் காட்சியாகவே தோன்றும். 103 அடிகளைக் கொண்ட நப்பூதனாரின் முல்லைப்பாட்டை நுணுகி நோக்கும்போது வேறொன்று புலனாகிறது.

பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, நற்சொல் கேட்பதற்காக நிற்கின்றனர். அப்போது அவர்கள் செவியில் விழுவது அவர்களுக்காகச் சொல்லப்பட்ட சொல் அன்று. தாம்பிற் கட்டுண்டு தாயைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, குளிரில் நடுங்கி நிற்கும் ஆய்மகள் ஒருத்தி, கோவலர் பின்னின்று ஓட்ட உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என ஆற்றுகிறாள். இதனையே அவர்கள் தலைவன் வரவுக்கு விரிச்சியாகக் கொண்டு தலைவியிடம் வந்து சொல்கின்றனர். ஒரு வீட்டின் மாடு திரும்பும் செய்தி இன்னொரு வீட்டின் தலைவன் திரும்பும் செய்தியாகிறது. கன்றுக்குச் சொன்ன ஆறுதல் அரசிக்கு ஆறுதலாகிறது.

முல்லை மாலையின் தொழில் இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. மாலையில் எல்லாம் திரும்புகின்றன. ஆநிரை தொழுவுக்கும் பறவை கூட்டுக்கும் உழவர் மனைக்கும் திரும்ப, ஒருவன் மட்டும் திரும்பவில்லை. வேட்கை என்பது அந்த ஒருவனின் இன்மையால் மட்டும் எழுவதன்று. பிற அனைத்தும் திரும்பிக்கொண்டிருக்கின்றன என்பதால் கூர்மையடைவது. ஒன்றுமே திரும்பாத ஓர் உலகில் இவ்வேட்கைக்கு இவ்வடிவம் வாய்க்காது.

இரண்டாவதாக, இத்திரும்புதல் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் எட்டுகிறது. முல்லைப்பாட்டின் முடிவில் தலைவன் மனையுள் நுழைவதாகக் காட்சி இல்லை. பாவை விளக்கு எரியும் உயர்ந்த மாடத்தில், கூரையினின்று வீழும் மழைநீரின் ஒலியைக் கேட்டவாறு கிடக்கும் தலைவியின் செவி நிறைய, தேரில் பூட்டிய குதிரைகளின் ஒலி எழுகிறது. பாட்டு அங்கே முடிகிறது. விரிச்சியில் தொடங்கி மாவின் ஒலியில் முடியும் இப்பாட்டு முழுவதும் கேட்டல் என்னும் செயலால் கட்டப்பட்டுள்ளது. திருக்குறளின் பொழுதுகண்டு இரங்கல் அதிகாரத்திலும் ஆயன் குழலோசையே கொல்லும் படையாகத் தலைவியை வருத்துவதை இங்கு ஒப்புநோக்கலாம்.

மூன்றாவதாக, பாட்டில் இரு இடங்கள் மாறிமாறி வருகின்றன. மனையில் பொழுது மழையாலும் மலராலும் அறியப்பட, பாசறையில் அது நாழிகைக் கன்னலால் அளந்து அறிவிக்கப்படுகிறது. நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளை மாட்டு என்னும் முறையால் இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் அதனை மறுத்து, பாட்டு கிடந்தவாறே பொருள் கொள்வதை வலியுறுத்தினார். அடிகளாரின் முடிபே ஏற்புடையது. மனையினின்று பாசறைக்கும் பாசறையினின்று மனைக்கும் கற்பவர் மனம் நடந்து மீளவேண்டும் என்பதற்காகவே பாட்டு அவ்வாறு கிடக்கிறது. அந்நடையை நேராக்கிவிட்டால் எஞ்சுவது செய்தி மட்டுமே.

மனை உண்டு, பொழுது இல்லை

டோ ஹோ சூ 1962இல் சியோலில் பிறந்தவர். 1991இல் கலை பயில அமெரிக்கா சென்றவர். சியோலில் அவர் வளர்ந்த வீடு, ஓவியரான அவர் தந்தையால், அரண்மனை வளாகத்திலுள்ள ஒரு பழைய மனையை முன்மாதிரியாகக் கொண்டு மரபுமுறையில் கட்டப்பெற்றது. மகன் ஏங்கிய மூலவீடே ஒரு படிதான் என்பது இங்குக் குறிக்கத்தக்கது. 1999இல் அவ்வீட்டை மென்பச்சைப் பட்டுத்துணியால் மெய்யளவில் தைத்துக் காட்சிக்கு வைத்தார். கதவு, சாளரச் சட்டம், கூரைவரிசை யாவும் தையலால் அமைந்தவை. வீடு மேற்கூரையினின்று தொங்கும். பார்ப்பவர் அண்ணாந்து நோக்கி அதன்கீழ் நடப்பர். சியோல் வீடு, லாஸ் ஏஞ்சலஸ் வீடு எனத் தொடங்கிய அதன் பெயரில், காட்சிக்கு வைக்கப்படும் ஒவ்வொரு நகரின் பெயரும் சேர்ந்துகொண்டே போகும். வீட்டை மடித்துப் பெட்டியில் எடுத்துச் செல்ல விரும்பியதே இம்முயற்சியின் தோற்றுவாய் என்பதை அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

2013இல் சியோல் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்ற படைப்பில் அவர் ஒரு படி மேலே சென்றார். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தாம் மாணவராகத் தங்கிய மூன்று தளக் கட்டடத்தை மெய்யளவில் துணியாற் செய்து, அதனுள்ளே சியோல் வீட்டைத் தொங்கவிட்டார். ஒளி ஊடுருவும் துணியாதலின் ஒரு வீட்டின் சுவர் வழியே மற்றொரு வீடு தெரியும்.

தொல்காப்பிய மரபில் இங்கு நேர்ந்திருப்பது என்ன? திணைகள் மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. ஆனால் இரு நிலங்கள் ஓரிடத்தே மயங்குதல் இல்லை என்றார். எனவே மயங்குவது பொழுதே என உரையாளர் கொண்டனர். நிலம் நிலைபேறுடையது, பொழுது பெயர்வது என்னும் இயல்பின்மேல் நிற்பது இவ்விதி. புலம்பெயர்ந்தவரிடத்தில் இவ்விதியே தலைகீழாகிறது. அவர் வாழும் பொழுது ஒன்றே, நிலங்கள் இரண்டு. சமையலறையில் நிற்கும்போதே இன்னொரு சமையலறை அதன்மேல் கவிகிறது. முல்லைப்பாட்டில் மனையும் பாசறையும் மாறிமாறி வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. தலைவனுக்குப் பாசறை ஒருநாளும் வீடாகப் போவதில்லை என்பதே காரணம். சூவுக்குப் பிராவிடன்சும் வீடாகிவிட்டது. ஆதலின் விதி விலக்கிய நில மயக்கமே இப்படைப்பின் உரிப்பொருளைச் சுமந்து நிற்கிறது. விதியின் மீறல் இங்குக் குறையன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வீட்டில் எந்நேரமும் ஒரே ஒளி. கலைக்கூடத்தின் சீரான விளக்கொளியில் பட்டுவீட்டுக்கு விடிவதுமில்லை, இருட்டுவதுமில்லை. நெடுநல்வாடையில் அடைமழையால் இரவும் பகலும் தெரியாமல், இரை தேடச் செல்லாது மயங்கி நிற்கும் மனைப்புறா கலைக்கூடத்துக்கு ஏற்ற உவமையாகும். பெரும்பாலான கலைக்கூடங்கள் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு மூடப்பெறுகின்றன. வீடு திரும்பும் வேட்கையைக் காணவந்தவர்கள், அவ்வேட்கைக்குரிய பொழுது வருமுன்னரே தத்தம் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர்.

பொழுது உண்டு, மனை இல்லை

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் ஜேம்ஸ் டரெல். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 2012இல் திறக்கப்பெற்ற அவரது படைப்பு பொழுதால் ஆனது. அகன்ற கூரையின் நடுவே சதுரத் திறப்பு, அதன்கீழ் இருக்கைகள். கதிர் எழும்போதும் மறையும்போதும் கூரையின் அடிப்பரப்பில் வண்ண ஒளிகள் மெல்ல மாறுகின்றன. அதனால் திறப்பின் வழியே தெரியும் வானத்தின் நிறமே மாறுவதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. படைப்பு நிகழும் நேரத்தைக் கதிரவன் தீர்மானிக்கிறான். கடிகாரமன்று, வானமே பொழுது சொல்கிறது.

மாலையின் ஒளியை இதைவிடத் தூய்மையாகக் காட்டுதல் அரிது. எனினும் அங்கு அமர்ந்திருப்பவர்க்கு மாலை வந்துசேர்கிறதேயன்றி, மாலையில் எதுவும் திரும்பி வருவதில்லை. வியப்பு தோன்றுகிறது, அமைதி தோன்றுகிறது, ஏக்கம் தோன்றவேண்டிய கட்டாயம் இல்லை. டரெல் ஏக்கத்தை நாடியவருமல்லர் என்பதால் இது அவர் படைப்பின் குறையாகாது. ஒளி மட்டும் மாலையாகாது என்பதற்கு இது சான்று.

பகலும் மாலையாதல்

மேற்கண்டவாறு நோக்கினால், சூவின் வீட்டை டரெலின் வானத்தின்கீழ் வைத்துவிட்டால் முல்லை அமைந்துவிடும் என்று தோன்றலாம். குறுந்தொகை 234ஆம் பாடல் இவ்வெளிய தீர்வை மறுக்கிறது. மிளைப்பெருங்கந்தன் பாடிய அப்பாட்டில் தலைவி, வானம் சிவந்து கதிர் மறைய முல்லை மலரும் பொழுதே மாலை என்போரை அறிவு மயங்கியவர் என்கிறாள். துணையில்லாதவர்க்குக் கோழி கூவும் விடியலும் மாலையே. பகலும் மாலையே என்பது அவள் முடிபு. முல்லைத்திணைக்கு மாலை என வகுத்த இலக்கணத்தையே முல்லைத் தலைவி மறுத்துரைப்பது போன்ற பாடல் இது. பொழுது வானத்தில் இல்லை, இன்மையில் உள்ளது என்கிறாள். அவ்வாறாயின் கலைக்கூடத்தின் மாறா ஒளியில் தொங்கும் பட்டுவீடும் மாலையில் நிற்பதாகவே கொள்ளலாம்.

கொள்ளலாம், ஆனால் ஒரு வரையறையோடு. தலைவியின் மறுப்பு வலிமை பெறுவது, மயங்கியோர் சொன்ன வழக்கமான மாலையை அவள் முதலில் முழுமையாகச் சொல்லிவிடுவதால்தான். சிவந்த வானத்தையும் முல்லையையும் நீக்கிவிட்டுப் பகலும் மாலை என்று மட்டும் சொல்லியிருந்தால் அது புதிராக நின்றிருக்கும். பகலை மாலையாக்க விரும்பும் கலைஞரும் ஊரார் அறிந்த மாலையின் ஒரு சுவட்டையேனும் படைப்பில் விட்டுவைக்க வேண்டும்.

அச்சுவடு ஒளியாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு நெடுநல்வாடை வழிகாட்டுகிறது. முகில் மூடிய நாளில் கதிர் மறைவது தெரியவில்லை. மகளிர் தட்டில் இட்டுவைத்த பித்திகை அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அம்மணத்தால் மாலை வந்ததை அறிந்து, இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். சாளரமற்ற கலைக்கூடமும் முகில் மூடிய நாளை ஒத்ததே. பிச்சி மொட்டு தன் நேரத்துக்கு விரிவதைக் கலைக்கூடத்தின் மின்விளக்கு தடுக்க இயலாது. நிறுவல் கலைஞர் ஒருவர் ஒரு தட்டு மொட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தால், மாலை தானே வந்து சேரும்; காலையில் வந்த பார்வையாளர்க்கு அது கிட்டாது. எல்லார்க்கும் எந்நேரமும் ஒரே படைப்பு என்னும் கலைக்கூட வழக்கத்தைக் கைவிடும் துணிவு அதற்கு வேண்டும்.

மணத்தினும் ஒலி இன்றியமையாதது. முல்லைப்பாட்டின் ஆய்மகள் சொல் தலைவியை நோக்கியதன்று. வேறொரு திரும்புதலுக்கு உரியது. அதுபோல, படைப்பின் புறத்தே பிறர் வீடு திரும்பும் ஓசை கேட்குமாறு இடம் தேர்வதே இவ்வேட்கையைப் படைப்பதில் முதன்மையான முடிவாகும். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பழைய வீடு ஒன்று, ஒலி புகாத அருங்காட்சியக அறையினும் முல்லைக்கு ஏற்ற நிலமாகும். பதிவு செய்த பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடுவது இதற்கு ஈடாகாது. அப்பறவைகள் எங்கும் திரும்பிக்கொண்டிருக்கவில்லை.

காத்திராத மனை

இதுகாறும் கூறியவை மனை இருக்கிறது, அதில் விளக்கு எரிகிறது என்னும் எடுகோளின்மேல் நின்றவை. தா. சனாதனனின் படைப்புகள் இவ்வெடுகோளை அகற்றிவிடுகின்றன.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பெற்றது. அக்கட்டடத்தில் 2004இல் நடைபெற்ற கண்காட்சிக்கு அகம் புறம் என்றே பெயரிட்டிருந்தனர். அதில் சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டு வரலாறுகளின் வரலாறு என்னும் நிறுவலை அமைத்தார். மனைக்குள் இருந்த பொருள் பொதுமன்றில் வைக்கப்பெறும்போது அகம் புறமாகிறது. ஆயினும் கண்காட்சி நடந்த ஊரும் பொருளுக்குரியோர் ஊரும் ஒன்றே. வந்தவர்கள் மாலையில் திரும்பிச் செல்ல அண்மையில் வீடுகள் இருந்தன.

2011இல் நூல்வடிவக் கலைப்படைப்பாக வெளிவந்த முற்றுப்பெறாத தோம்பு அவ்வாறன்று. தோம்பு என்பது ஐரோப்பியர் ஆட்சியில் வழங்கிய காணிப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீட்டின் தளவரைபடத்தை நினைவிலிருந்து வரைந்துதர, அதனை ஒட்டி முறையான கட்டட வரைபடமும், சனாதனனின் வண்ணக்கோல் ஓவியமும், அவ்வீட்டைப் பற்றிய சிறுகுறிப்பும் அமைய, அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் 80 வீடுகள் தொகுக்கப்பெற்றுள்ளன. தோம்பில் காணிக்கு உரியவர் பதிவு பெறுவர். இங்கு அதனை நினைப்பவர் பதிவு பெறுகின்றனர். இது அறைக்குள் நிறுவப்பெற்ற படைப்பன்று எனினும், கற்பவர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளியேறவேண்டியிருப்பதால் நிறுவல் கலையோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முல்லையின் இருத்தல் எதன்மேல் நிற்கிறது? தலைவன் சொல்லிச் சென்ற பருவத்தின்மேல். கார் வரும், அவன் வருவான் என்னும் சொல்லே ஆற்றியிருக்கும் வலிமையைத் தருகிறது. மேலும் மனையில் ஒருத்தி இருக்கிறாள். பாசறையிலிருப்பவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் சொல்வதற்கு அவளே காரணம். தோம்பில் இவ்விரண்டும் இல்லை. எப்பருவத்தில் மீள்வோம் என்று எவரும் சொல்லிச் செல்லவில்லை. மனையில் காத்திருக்க எவரும் இல்லை. பலர்க்கு மனையே இல்லை. இந்நிலையில் இருத்தல் இரங்கலாகத் திரிகிறது எனலாம். இரங்கலோ நெய்தலின் உரிப்பொருள்.

அத்திரிபுக்குச் சங்கப்பாடலிலேயே முன்னுதாரணம் உண்டு. குறுந்தொகை 92ஆம் பாடலில் (தாமோதரன்) ஞாயிறு மறைந்த வானில் பறவைகள் விரைகின்றன. வழியோரத்து உயர்ந்த கடம்பில் உள்ள குஞ்சுகளின் வாயில் இடுவதற்கான இரையைக் கொண்டு செல்வதால் அவற்றுக்கு அவ்விரைவு. காட்சி முல்லைக்குரியது போன்றது, பொழுது மாலை, ஆயினும் பாடல் நெய்தற்பாற்பட்டது. பறவைகளை இரக்கத்துக்குரியன எனத் தலைவி சுட்டும்போது அவள் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பிறர் திரும்புவதைக் காணும் காட்சி ஒன்றே முல்லையில் ஆறுதலாகவும் நெய்தலில் அவலமாகவும் நிற்கிறது. கன்றின் தாய் வருவாள் என்ற சொல்லை விரிச்சியாகக் கொள்ள முதுபெண்டிரால் இயன்றது. குஞ்சுக்கு இரை கொண்டு விரையும் பறவையைக் கண்ட நெய்தல் தலைவிக்கு அது இயலவில்லை.

முற்றுப்பெறாத தோம்பை முழுவதும் நெய்தலுக்கு உரியதாக்கிவிடவும் இயலாது. இரங்குவோர் அளவெடுத்து வரைவதில்லை. கதவு எப்பக்கம், கிணறு எவ்விடம், சமையலறை எத்திசை எனத் தாளில் குறித்துத் தருபவர், நினைவில் அவ்வீட்டினுள் நடந்து மீளுகிறார். முல்லைப்பாட்டு தன்னைக் கற்பவரிடம் வேண்டிய நடையும் அதுவே. தலைவி மனையிலிருந்தபடி பாசறையை நினைத்தாள். இவர்கள் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தபடி மனையை வரைகிறார்கள். காத்திருப்பவர் இடமும் காக்கப்பெறும் பொருளும் இடம் மாறியுள்ளன. ஆற்றியிருத்தல் என்னும் செயல் மாறவில்லை. பருவம் சொல்லப்படாத ஆற்றியிருத்தலை இருத்தல் என்பதா இரங்கல் என்பதா என்னும் வினா உரையாசிரியர்களுக்கு எழவில்லை. பருவம் சொல்லாது பிரியும் தலைவனை முல்லை மரபு படைக்கவில்லை. இவ்வினா 80 வரைபடங்களின் முன் முதன்முறையாக எழுகிறது. அவ்வரைபடங்களில் வாயிற்கதவு குறிக்கப்பட்டிருக்கும். அது திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதைத் தளவரைபடம் சொல்லாது.